தேய்மானக் கணக்கு

கியர் ராடு நியூட்ரலில்தான் நின்றது. இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். எதிலும் மாட்டாமல் தளதளவென்று ஆடியது. வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் போனது.

பின்னால் வரப்பு, அதற்குப் பின்னால் வாய்க்கால். சேற்றில் இறக்குவதற்காக மாட்டியிருந்த கேஜ்வீல் வரப்பைக் கடித்துக்கொண்டு ஏறியது. கிளட்சை மறுபடி மிதிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உடைந்த வலது மணிக்கட்டை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கவிட்டபடி கரையில் நின்ற அப்பா, "ஸ்டாப்பர இழு, ஸ்டாப்பர இழு" என்று கத்தினார். இழுத்தேன். இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் அணைந்தது. ஒரு பக்கத்துச் சக்கரம் வரப்பில் பாதியும் வாய்க்காலின் மேல் அந்தரத்தில் பாதியுமாக நின்றது. நல்லவேளையாக வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அது 2020ஆம் ஆண்டு ஜூன் 14. மேட்டூர் அணையைத் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அப்பா மெதுவாக வந்து மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிபட்டதா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"ராடக் கீழ அமுக்கினியா?"

"இல்லப்பா."

"அமுக்கணும். அமுக்கி, உன் பக்கமா லேசாத் திருகி, அப்புறம்தான் தள்ளணும்."

"இத எனக்கு யாரும் சொல்லலியே."

"இதெல்லாமா சொல்லுவாங்க?" என்றார்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனம். நான் சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மார்ச் மாதம் ஊரடங்கு அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஊருக்கு வந்தவன், வந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். பகலெல்லாம் மாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். மே கடைசியில் அப்பா களத்தில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். எழுபத்தோரு வயது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆண்டுதான் ஜூன் 12ஆம் தேதி தவறாமல் அணையைத் திறந்தார்கள். ஊரே குறுவைக்குக் கிளம்பியது. எங்கள் வீட்டில் ஏறி உட்கார ஆள் நான் ஒருவன்தான்.

வண்டி 1981இல் வாங்கியது. மாசி ஃபெர்குசன் 1035. ஊரில் எல்லோருக்கும் 'மேசி'. 1960இல் தொடங்கிய டாஃபே கம்பெனி சென்னையில் செய்த வண்டி; அதில் இருக்கும் 3 சிலிண்டர் இன்ஜினும் சென்னை சிம்ப்சன் கம்பெனியுடையதுதான். "இது மெட்ராஸ் வண்டிடா" என்று தாத்தா சொல்வதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கல்லூரி விடுமுறைகளில் நானும் ஓட்டியிருக்கிறேன். அப்போது ராடு இப்படி ஆடியதில்லை. முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. பக்கத்தில் இருக்கும் இன்னொரு சின்ன ராடில் ஹை, லோ. ஆக முன்னால் போக ஆறு, பின்னால் வர இரண்டு. ஒவ்வொன்றும் 'டக்' என்று தன் இடத்தில் உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பிறகு இருபது வருஷத்துக்குமேல் நான் அந்தச் சீட்டில் ஏறவில்லை. அப்பா அதிலிருந்து இறங்கவில்லை.

அன்று மாலை சித்தப்பா மகனும் நானும் மேல் மூடியைக் கழற்றினோம். போல்ட்டுகளை எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டோம். "அண்ணே, உள்ள எதுவும் விழுந்துடாமப் பாத்துக்க. ஒரு நட்டு விழுந்தா பல்லுச்சக்கரம் அத்தனையும் போச்சு" என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னான். மூடியோடு சேர்ந்து ராடும் வெளியே வந்தது.

கியர் ராடு என்று நாம் மேலே பார்ப்பது பாதிதான். நடுவில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஓர் உருண்டை இருக்கிறது. மூடியில் அதற்கென்று குழிவான ஓர் இருப்பிடம். உருண்டை அதில் அமர்ந்து எல்லாப் பக்கமும் சாயும். வீணாகச் சுழலாமல் இருக்க அதில் ஒரு காடி வெட்டி, காடிக்குள் நிற்க ஒரு பின். மேலெழும்பாமல் இருக்க ஒரு ஸ்பிரிங். உருண்டைக்குக் கீழே தொங்கும் மிச்சப் பாதியின் முனை, ஒரு விரல்போல, பெட்டிக்குள் கிடக்கும் இரண்டு தண்டுகளில் ஒன்றின் பள்ளத்தில் நுழைந்து அந்தத் தண்டை முன்னோ பின்னோ தள்ளும். ஒரு தண்டு முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும். இன்னொன்று இரண்டுக்கும் மூன்றுக்கும். மேலே நாம் முன்னால் தள்ளினால் கீழே விரல் பின்னால் போகும். துலாவில் ஏறி மிதிக்கிற கணக்குத்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். ரிவர்ஸ் தண்டு ரிவர்ஸிலேயே கிடந்தது. நான் ராடை வெளியே இழுத்தபோது, விரல் மட்டும் பள்ளத்தைவிட்டு வழுக்கி வந்துவிட்டது, தண்டு வரவில்லை. என் கையில் இருந்தது வெறும் ராடு. உள்ளே எதையும் பிடிக்காத ஒன்றை ஆட்டிப் பார்த்துவிட்டு நியூட்ரல் என்று நம்பியிருக்கிறேன். தம்பி ஒரு நீள ஸ்குரூடிரைவரை விட்டுத் தண்டை நெம்பி நடுவுக்குக் கொண்டுவந்தான். இரண்டு பள்ளங்களும் நேர்கோட்டில் நின்றன. பெட்டியின் வாயில் பழைய வேட்டித் துணியைத் திணித்து மூடினோம்.

பிறகு ராடின் முனையைப் பார்த்தோம். பல வருஷம் மசாலா அரைத்த குழவி ஒரு பக்கம் மட்டும் சப்பையாகிவிடுமே, அதுபோல் இருந்தது. மூன்று மில்லிமீட்டராவது போயிருக்கும். உருண்டையின் காடியும் அகன்று, பின் மெலிந்துபோயிருந்தது. அமுக்கி, தன் பக்கமாகத் திருகி, பிறகு தள்ளுவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அமுக்கினால் விரல் பள்ளத்தில் கொஞ்சம் ஆழமாக இறங்கும். திருகினால் தேயாத ஓரம் போய்ப் பிடிக்கும். வண்டியில் போன இரும்பை அப்பா தன் கையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் ஓட்டியவரை வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்பேர் கடைக்கு போன் செய்தோம். "பழைய மாடல் சார். ஆர்டர் போடலாம். பார்சல் எப்ப வரும்னு இப்ப யார் சொல்ல முடியும்?" என்றார்கள். ஊரடங்குக் காலம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, மூணாறு தலைப்பைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் ராடு தயாராக வேண்டும். தம்பி ராடைச் சாக்கில் சுற்றினான். அப்பாவும், "நானும் வர்றேன்" என்று அவனுடைய பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். நான் சைக்கிளில் தொடர்ந்தேன்.

லேத் பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அப்பாவை அவருக்கு நெடுநாளாகத் தெரியும். ராடை வாங்கி, முனையைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். தேய்ந்த பக்கத்தில் விரல் நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்றது.

"அண்ணன், இந்தப் பக்கம் இவ்வளவு தேஞ்சிருக்கு. எதிர்ப்பக்கம் ஏன் தேயல?"

அப்பா பேசவில்லை.

"கியர் போடையில ஒரு மொகம் தள்ளும், எடுக்கையில எதிர்மொகம் தள்ளும். ரெண்டும்தான தேயணும்? ராடு மேல கைய வச்சுக்கிட்டே ஓட்டுவீங்களோ?"

"கை இல்ல" என்றார் அப்பா. "முட்டி."

அப்புறம்தான் கதை வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்பே தொளி ஓட்டும்போது இரண்டாவது கியர் தானாகத் துள்ளி வெளியே வர ஆரம்பித்திருக்கிறது. சேறு இறுக்கிப் பிடிக்கும்போது இன்ஜின் முக்கும். அந்த நேரம் பார்த்துக் கியர் கழன்றுகொள்ளும். ஸ்டியரிங்குக்கும் லிஃப்ட் லீவருக்கும் இரண்டு கையும் வேண்டும். அப்பா முழங்காலை ராடின்மேல் சாய்த்து அமுக்கிக்கொண்டே ஓட்டப் பழகிவிட்டார். நாளைக்கு எட்டு மணி நேரம், வருஷத்தில் இரண்டு பட்டம். மேலே முழங்கால் அமுக்கிய அமுக்கல் முழுவதும் கீழே விரலின் ஒரே முகத்தில் இறங்கியிருக்கிறது.

அம்மா அந்த ஒரு முழங்காலுக்கு மட்டும் தினமும் தைலம் சூடாக்கிக் கொடுப்பார். வாதம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். மன்னார்குடியில் ஒரு டாக்டரிடம்கூடக் காட்டினோம். அவரும் வயசாகிறதே என்றார். கியர்பெட்டிக்கும் அந்தத் தைலத்துக்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"அப்ப ராடுல நோவு இல்ல" என்றார் பட்டறைக்காரர். "ராடு பாவம், அடி வாங்கியிருக்கு. தண்டப் புடிச்சு நிறுத்துற ஸ்பிரிங் செத்துருக்கும். அதயும் கழட்டிக்கிட்டு வாங்க தம்பி. இத மட்டும் ரொப்பிக் குடுத்தா ரெண்டு வருஷத்துல திரும்ப எடுத்துக்கிட்டு வருவீங்க."

ஒவ்வொரு தண்டிலும் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டு. ஸ்பிரிங் அழுத்தும் ஒரு குண்டு அந்தப் பள்ளத்தில் விழுந்து, கியர் போட்ட இடத்திலேயே தண்டை நிறுத்திவைக்கும். 'டக்' என்று நான் சின்ன வயதில் கேட்டது அந்தக் குண்டு விழுகிற சத்தம். மறுநாள் இரண்டு ஸ்பிரிங்குகளையும் எடுத்து வந்து பட்டறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். இரண்டாம் கியர் தண்டின் ஸ்பிரிங் மற்றதைவிட ஒரு சுற்று அளவுக்குக் குட்டையாக இருந்தது. அவ்வளவுதான். பதினைந்து வருஷத்து முழங்கால் வலியின் மூலம், சட்டைப்பையில் போட்டால் தெரியாத அளவுக்கு ஒரு கம்பிச்சுருள்.

அடுத்த சிக்கல் அளவு. போன இரும்பை வெல்டிங்கில் ரொப்பலாம். ஆனால் எவ்வளவு ரொப்புவது, எந்த வளைவில் ரொப்புவது? கண்ணளவில் ரொப்பினால் ஒன்று பள்ளத்தில் நுழையாது, இல்லையென்றால் மறுபடி ஆடும். "இதே மாடல் ராடு ஒண்ணு பார்வைக்குக் கெடச்சாப் போதும்" என்றார் அவர்.

பக்கத்து ஊர் அரிசி ஆலையின் பின்புறத்தில், புங்கமரத்தடியில் ஒரு 1035 இருப்பது தம்பிக்குத் தெரிந்திருந்தது. டயர் இல்லை, பானெட் இல்லை, சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. ஆலைக்காரரிடம் கேட்டு அதன் ராடையும் கழற்றினோம். ஆசையாய் முனையைத் துடைத்துப் பார்த்தால், அதுவும் தேய்ந்திருந்தது. மனசு விட்டுப்போனது. அரை மணி நேரம் சைக்கிள் மிதித்ததற்கு இதுதானா என்று அதையும் சாக்கில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தோம்.

பட்டறைக்காரர் இரண்டு ராடையும் பக்கத்தில் பக்கத்தில் வைஸில் பிடித்துவைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அது ரோட்டு வண்டி தம்பி. டிரைலர்ல மூட்டை ஏத்திக்கிட்டு மூணாவது கியர்லயே ஓடுன வண்டி. உங்க வண்டி வயல்ல ரெண்டாவதுலயே ஓடுனது. ரெண்டாவதும் மூணாவதும் ஒரே தண்டு. ஒண்ணு இந்தப் பக்கம் தள்ளும், இன்னொண்ணு அந்தப் பக்கம். உங்களுக்குப் போன மொகம் அதுல பாக்கி இருக்கு பாருங்க."

இருந்தது. எங்கள் ராடில் சப்பையாய்ப்போன முகம் அதில் அச்சு அசலாக நின்றது. அதில் போன முகம் எங்களுடையதில் இருந்தது. அவர் ஒரு காலண்டர் அட்டையை வெட்டி, அந்த ராடின் நல்ல முகத்தில் வைத்து அழுத்தி வளைவை எடுத்தார். எங்கள் ராடின் நல்ல முகத்துக்கு இன்னோர் அட்டை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது நடுவில் இருந்த வெற்றிடம்தான் 1981இல் வந்த புது ராடின் முனை. வெர்னியரில் அளந்து, அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். செத்துக்கிடந்த வண்டி தன்னுடைய பாதியைக் கொடுத்தது.

எனக்கு அலுவலகம் நினைவுக்கு வந்தது. தேய்மானம் என்ற சொல்லை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எழுதுகிறவன். எந்திரங்களுக்கு வருமானவரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் கழிக்கலாம். அடுத்த ஆண்டு மிச்சத்தில் 15 சதவீதம். வேளாண் வருமானத்துக்கு வரி இல்லாததால் அப்பாவுக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டதே இல்லை. போட்டுப் பார்த்தேன். வாங்கிய விலை சுமார் அறுபதாயிரம். முப்பத்தொன்பது வருஷம் கழித்தால் மிஞ்சுவது 106 ரூபாய். இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு. எல்லா வண்டியும் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் தேயும். எந்த வண்டி எந்த முகத்தில் தேய்ந்தது, யாருடைய முட்டி அதைத் தேய்த்தது என்று அதில் எழுத இடமில்லை.

ரொப்புகிற வேலை மறுநாள் பிற்பகலில் தொடங்கியது. முனையில் இருந்த எண்ணெயையும் துருவையும் கிரைண்டரில் போக்கி, இரும்பின் வெள்ளை தெரியும்வரை சுத்தம் செய்தார். உடனே வெல்டிங் வைப்பார் என்று பார்த்தால், கேஸ் விளக்கை எடுத்து முனையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "பச்சை இரும்புல சுட்டா ஒட்டுன மாதிரி இருக்கும். ஒரு நாள் படக்குனு விட்டுடும்." 7018 வெல்டிங் ராடு போட்டு ஒரு வரிசை வைத்தார். சுத்தியலால் தட்டிக் கசடை உதிர்த்தார். பிரஷ் போட்டுத் தேய்த்தார். அடுத்த வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டார். நான்கு வரிசையில் முனை வேண்டியதைவிடப் பெரிதாக, குளவிக்கூடு மாதிரி ஆனது. சிவப்பு மங்குவதற்குள் ஒரு பழைய பெயின்ட் டின்னில் நிறைத்துவைத்திருந்த அடுப்புச் சாம்பலுக்குள் அதைப் புதைத்தார்.

"தண்ணியில முக்கக் கூடாதா அண்ணே?"

"முக்கினா கண்ணாடியாயிடும். காலையில வாங்க. அது தானா ஆறட்டும்."

அன்று இரவு மாடியில் படுத்துக்கொண்டு கைபேசியில் இந்த வண்டியின் பூர்வீகத்தைப் படித்தேன். ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர், 1946இலிருந்து இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்யவைத்த சாம்பல்நிறச் சின்ன டிராக்டர்கள்தான் இதன் மூதாதை. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வண்டிகளில்தான். ஆனால் என்னை எழுந்து உட்காரவைத்தது வேறொன்று. அவற்றில் ஸ்டார்ட் செய்வதே கியர் ராடால்தான். ராடை நியூட்ரலிலிருந்து 'எஸ்' என்று எழுதிய இடத்துக்குத் தள்ளினால் இன்ஜின் கிளம்பும். கியரில் நிற்கும் வண்டி தவறியும் உயிர்பெற்று ஆளை மிதித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ராடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டியும் நிற்கிறது என்ற நம்பிக்கையின்மேல் கட்டிய ஏற்பாடு அது. மூன்று மில்லிமீட்டர் போனால் அந்த நம்பிக்கை போய்விடுகிறது. வாய்க்கால்மேல் தொங்கிய சக்கரம் இருட்டில் கண்முன் வந்தது.

காலையில் சாம்பலைக் கிளறியபோது ராடு வெதுவெதுப்பாக இருந்தது. பெருமளவுக்குக் கிரைண்டரில் போக்கிவிட்டு, மிச்சத்துக்கு அரத்தை என் கையில் கொடுத்தார். அவருக்கு வேறு வேலை காத்திருந்தது. எனக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆசை. "தள்ளும்போதுதான் அரம் வெட்டும். இழுக்கும்போது தூக்கிடணும். ரெண்டு பக்கமும் தேய்ச்சா அரம்தான் தேயும்." ஒரு மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம். அட்டையை வைத்துப் பார்ப்பது, வெர்னியர் வைப்பது, மறுபடி தேய்ப்பது. கடைசி அரை மில்லிமீட்டருக்கு வெர்னியர் போதாது என்று சொல்லிவிட்டார். ஆலை வண்டியிலிருந்து தண்டையும் கழற்றி எடுத்துவரச் சொல்லியிருந்தார். அதன் பள்ளத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் கரியைப் பூசினார். முனையை உள்ளே விட்டு ஒரு தடவை அசைத்து வெளியே எடுத்தால், எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி கரி. முகம் முழுவதும் சீராகக் கரி ஒட்டும்வரை அப்படியே போனது. மதியச் சோறு மூன்று மணிக்கு ஆனது.

அதற்குள் அவர் காடியைச் சீராக்கி அதற்கேற்பத் தடித்த ஒரு பின்னைக் கடைந்திருந்தார். உருண்டை இறுக்கமாக உட்கார ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வாஷர். தகர டப்பாவைக் கொட்டி, குண்டு ஸ்பிரிங்குகளுக்குச் சமமாக இரண்டு ஸ்பிரிங் தேடியெடுத்தார். கிழிந்த ரப்பர் பூட்டுக்குப் பதிலாக லாரி டியூபில் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்து, "இத மறந்துடாதீங்க. இது கிழிஞ்சுதான் சேத்துத்தண்ணி உள்ள போயிருக்கு. கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் இந்த வண்டியில ஒரே ஆயில். எறக்கிப் பாருங்க, மோர் மாதிரி வரும்" என்றார். இறக்கினோம். மோர் மாதிரிதான் வந்தது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். 106 ரூபாய் மதிப்புள்ள சொத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பழுதுச்செலவு. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு வவுச்சர் வந்தால் நானே கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மூடியைப் பூட்டி, போல்ட்டுகளை எண்ணிச் சரிபார்த்து, புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். அப்பா மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கியர் 'டக்' என்றது. நான் ராடைவிட்டுக் கையை எடுத்தேன். ராடு நின்ற இடத்திலேயே நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சால் திரும்பும்போது அவருடைய முழங்கால் காற்றில் ஒரு தடவை அசைந்தது.

இரண்டு நாள் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் எப்போதும்போல் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, தயங்கித் தயங்கி வந்தது. மடை திறந்து வயலில் விட்டோம். குறுவை நட்டாகிவிட்டது.

ஆகஸ்டில் அப்பா மாவுக்கட்டு பிரித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் கரையில் நின்றேன். கிளட்சை மிதித்தார். ராடை அமுக்கினார். தன் பக்கம் திருகினார். தள்ளினார். பல்லுச்சக்கரங்கள் கர்ரென்று கத்தின. மறுபடி அமுக்கி, திருகி, தள்ளினார். இந்தத் தடவை முதல் கியர் விழுந்தது. இப்போது பின் இறுக்கமாக இருந்ததால் ராடு திருகலுக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் திருகுகிற வேகம் முழுவதும் பக்கவாட்டில் போய் வேறு தண்டைப் பிடித்தது. நாற்பது வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறவர், நேற்று வந்தவன் போல் தடுமாறினார். என் முகத்தைப் பார்க்காமல், "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

அமுக்காமல், திருகாமல், சும்மா தள்ளப் பழகுவதற்கு அவருக்கு மூன்று நாளானது. நான்காம் நாள் சத்தமே இல்லை. கை மறந்துவிட்டது. செப்டம்பரில் நான் சென்னைக்குத் திரும்பினேன்.

2022இல் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். உழவு தொடங்குவதற்கு முன் ராடுக்கு கிரீஸ் வைக்கலாம் என்று மூடியைக் கழற்றினேன். எண்ணெய் தெளிவாக இருந்தது. லாரி டியூப் ரப்பர் கிழியவில்லை. பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். பட்டறையில் பார்த்த பிறகு சொந்தமாக ஒன்று வாங்கிவைத்திருந்தேன். மூன்றாவது கியர் முகம் அப்படியே இருந்தது. இரண்டாவது கியர் முகத்தில் 0.3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

ஸ்பிரிங்கைப் பார்த்தேன். குட்டையாகவில்லை. கியர் துள்ளுகிறதா என்று தம்பியைக் கேட்டேன். ஒரு நாள்கூடத் துள்ளவில்லை என்றான்.

அன்று மாலை அப்பா தொளி ஓட்டினார். கரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங்கில் ஒரு கை, லிஃப்டில் ஒரு கை. சேறு இறுக்கி இன்ஜின் முக்கிய இடத்தில் அவருடைய முழங்கால் தானாகச் சாய்ந்து ராடின்மேல் போய் அமர்ந்தது. கரை வந்ததும் விலகியது. அவருக்கு அது தெரியாது. இரவு அம்மா தைலத்தை எடுத்து அடுப்பில் வைத்தார்.